பதினைந்து டிகிரி ஆசாமி

இடது முன்கையில் ஒரு சாண் நீளத்துக்கு முடியே இல்லாமல், வலது கையில் மட்டும் கரடிபோல் அடர்ந்திருக்கும் ஆளை இளம்பிள்ளைக் கடைவீதியில் பார்த்தால், தீக்காயமா என்று விசாரித்துவிடாதீர்கள். முக்கால் மணி நேரம் போய்விடும். அவர் கத்தி தீட்டக் கற்றுக்கொண்டிருக்கிறார். கூர் ஏறியதா என்று மழித்துப் பார்க்கிற இடம் அது.

இவர் பரம்பரைச் சாணைக்காரர் இல்லை. நாலு விசைத்தறி, கொஞ்சம் சேலை வியாபாரம். போன தீபாவளிவரை வீட்டில் கத்தி எந்த அலமாரியில் இருக்கிறதென்றே தெரியாது. தூக்கம் வராத ஒரு ராத்திரி செல்போனைத் தடவப்போய், ஜப்பான்காரர் ஒருவர் தக்காளியைக் கையால் பிடிக்காமலே சீவித் தள்ளுவது கண்ணில் பட்டது. நாலாம் நாள் கூரியரில் கல் வந்து இறங்கிவிட்டது. ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 6000.

இந்த நம்பர் கணக்கு இளம்பிள்ளைக்காரருக்குப் புதிதல்ல. பருத்தி நூலில் நாற்பதைவிட எண்பது சன்னம்; கல்லிலும் நம்பர் ஏற ஏறத் துகள் பொடிசு. டெனியரிலேயே வளர்ந்த பாலியெஸ்டர் தறிக்காரருக்குத்தான் எல்லாம் தலைகீழாகத் தெரியும். வாய் உடைந்த கத்திக்கு 400, அன்றாடத்துக்கு 1000, அதற்குமேல் போவதெல்லாம் மெருகு. நம்மாள் பெரிய நம்பர்தானே உசத்தி என்று முதல் நாளே 6000-இல் ஆரம்பித்து இரண்டு மணி நேரம் தேய்த்தார். கத்தியில் முகம் பார்த்துத் தலை சீவலாம்போல் ஆயிற்று. வெண்டைக்காய்தான் வெட்டவில்லை.

தீட்டும் முன் கல் ஊற வேண்டும். குமிழி அடங்கக் கால் மணியாவது ஆகும். “ஏனுங்க, உளுந்து ஊறப்போட்ட போசில என்னத்தைங்க போட்டு வெச்சிருக்கறீங்க?” என்று அடுப்படியிலிருந்து குரல் வரும். இவர் பதில் சொல்லமாட்டார். குமிழியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அடுத்தது கோணம். பேச்சுக்கு நடுவில் பத்துத் தடவை ‘பதினைந்து டிகிரி’ வரும். நாலரை சென்டிமீட்டர் அகலமுள்ள கத்தி பதினைந்து டிகிரியில் சாய, அதன் முதுகு கல்லுக்குமேல் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் தூக்கி நிற்க வேண்டும். அதற்கு ஒற்றை ரூபாய்க் காசுகளை அடுக்கி அளவு பார்ப்பார். ஒரு காசுக்குச் சுமார் இரண்டு டிகிரி. ஒருநாள் அவர் மகள் அதிலிருந்து பத்து டிகிரியை எடுத்துப்போய் மிட்டாய் வாங்கித் தின்றுவிட்டாள்.

ஆனால் உண்மையான சோதனை சத்தம். கத்தி சரியான கோணத்தில் படிந்தால் கல் ஒரே சுதியில் பேசுமாம். அந்த ஓசையைக் கேட்டுப் பழகு என்று ஜப்பான்காரர் சொல்லிவிட்டார். ஜப்பானில் கேட்கும். இளம்பிள்ளையில் விடிந்ததிலிருந்து படுக்கும்வரை தறிச்சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறவனே கத்தித்தான் பேச வேண்டும், கல் பேசுவது எங்கே கேட்கும்? அதனால் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் என்று பேப்பரில் வருகிற நாள் இவருக்குத் திருவிழா. ஊரே தறி நின்றுபோச்சே, கூலி போச்சே என்று புலம்பும்போது, நாலு தறிக்கு முதலாளியான இவர் மட்டும் முகம் மலர்ந்து, ஈரக் கல்லோடு திண்ணைக்கு வருவார். வேலையில்லாத தறிக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். கல்லில் ஊறும் கரிய சேற்றை யாராவது துடைக்கப்போனால் கத்துவார். அந்தச் சேறும் சேர்ந்துதான் அராவுகிறதாம். பிறகு வாயின் மறுபக்கத்தில் விரலை மெதுவாக உரசி, “பிசிறு வந்துருச்சு!” என்பார், ஆண் குழந்தை பிறந்த மாதிரி. விளிம்பு முழுக்க அந்தப் பிசிறு எழும்பினால்தான் ஒரு பக்கம் முடிந்ததென்று அர்த்தம். திருப்பிப் போட்டு மறுபக்கம். அரை மணி நேரத்தில் கூட்டத்தில் பாதி தூங்கியிருக்கும்.

இவருக்கு ஊர்ப்பெருமையும் உண்டு. மொட்டைமாடியிலிருந்து கஞ்சமலையைக் காட்டி, “இரும்பு நம்ம ரத்தத்துலயே ஓடுதுங்க” என்பார். மலையில் இரும்புத்தாது இருப்பது நிசம்தான். 1830-களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் சேலத்துத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் உலை வைத்தார். சேலம் உருக்காலையும் இந்த மலைத் தாதை மனதில் வைத்துத்தான் திட்டமிடப்பட்டது. 1970-இல் அடிக்கல் நாட்டி, 1981-இல் ஓடத் தொடங்கியபோது வெளியூர் எஃகை உருட்டித் துருப்பிடிக்காத தகடு போடும் ஆலையாக நின்றது. நம்மாளின் கத்தியும் அந்தப் பரம்பரைதான் என்று நினைத்திருந்தேன். பெட்டியைத் திருப்பினால் சீன எழுத்து.

அடுப்படியில் இந்தக் கத்திக்கு மரியாதை இல்லை. அதில் நியாயம் உண்டு என்பது என் கட்சி. நம் பெண்கள் வெங்காயத்தைப் பலகையில் வைத்தா நறுக்குகிறார்கள்? உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலைப் பார்க்க இழுக்கிறார்கள். அந்த வித்தையே கத்தி கொஞ்சம் மழுங்கியிருக்கும் என்ற தைரியத்தில் பிறந்தது. நம்மாள் கூர் ஏற்றிக் கொடுத்த வாரம் வீட்டில் மூன்று விரலுக்குக் கட்டு. நாலாவது விரலை அந்தம்மா அரிவாள்மனையிடம் ஒப்படைத்துவிட்டார். இப்போது அந்தக் கத்தி வெட்டுவதெல்லாம் செய்தித்தாளைத்தான். மாமனார் ராசிபலனைக் கீற்றுக் கீற்றாகச் சேர்த்துவைத்துப் படிக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு, துவைக்கிற கல்லில் தன் ஜப்பான் கல்லைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ந்து தேய்ந்து நடுவில் குழி விழுந்துவிட்டதாம். குறுக்கும் நெடுக்கும் பென்சில் கோடு போட்டு, அத்தனை கோடும் அழிகிறவரை தேய்த்தால் மட்டமாகிவிடும். வாளியில் வேட்டிகளோடு அவர் அம்மா வெகுநேரமாகக் காத்திருந்தார்.

“கல்லுக்கே சாணை புடிக்கறயா கண்ணு?”

“குழி உளுந்துருச்சும்மா. மட்டம் பண்றேன்.”

“அப்ப இந்தக் கல்லு மட்டமா இருக்குதா?”

நம்மாளின் கை நின்றது. குனிந்து, ஒரு கண்ணை மூடி, துவைக்கிற கல்லின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். பிறகு காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து, அதன்மேல் கோடு போட ஆரம்பித்தார்.