டத்தோ ஐஸ்பெட்டி அவர்களுக்கு ஒரு வாழ்த்துமடல்

ஏறத்தாழ 1,200 மீட்டர் உயர்ந்து நிற்கும் ஜெராய் மலைக்கும் பனி பொழியும் பாக்கியம் வாய்க்கவில்லை. அம்மலையின் அடிவாரத்தில், யான் பட்டணத்து அடுக்களை மூலையில் எழுந்தருளியிருக்கும் எங்கள் ஐஸ்பெட்டிப் பெருமானோ ஆண்டு முழுதும் பொழிகிறார். அன்னாருக்கு இன்னும் டத்தோ பட்டம் வழங்காதிருப்பது என்ன நியாயம்?

மேலறையைத் திறந்தால் வெள்ளிமலைக் காட்சி. அடைக்கலம் புகுந்தோரை அவர் கைவிட்டதே இல்லை. போன தீபாவளிக்கு வாங்கிய ஆட்டிறைச்சி சுவரோடு இரண்டறக் கலந்துவிட்டது. நாங்கள் சாம்பார் சாப்பிடுகிறோம்.

கதவோர ரப்பராரின் பெருந்தன்மையையும் பாட வேண்டும். கடற்காற்று, மழைக்கால ஈரம், அடுப்பின் ஆவி என யார் வந்தாலும் உள்ளே அனுப்பி உறைபனியாக உயர்வு பெறச் செய்கிறார். சோதிக்க எண்ணிப் பத்து ரிங்கிட் நோட்டை நடுவில் வைத்துக் கதவை மூடினேன். இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. கொடுத்த பணத்தை அப்படியே திருப்பித் தரும் வாயிற்காவலரை வேறெந்த வாசலில் கண்டிருக்கிறீர்கள்?

சாதாரணப் பெட்டிகளின் பிழைப்பு பரிதாபமானது. பின்சுவருக்குள் குளிர்க்குழாயில் படியும் பனியை ஒரு ஹீட்டர் அவ்வப்போது உருக்கும். அந்த நீர் சிறு துவாரம் வழியே இறங்கி, கம்ப்ரசருக்கு மேலுள்ள தட்டில் சேர்ந்து, அதன் சூட்டில் ஆவியாகி, யாருக்கும் தெரியாமல் மறைந்துபோகும். எங்கள் பெருமானுக்கு இந்த அநாமதேய வாழ்வு பிடிக்கவில்லை. துவாரத்தை ஐஸ் கட்டியால் அடைத்து, நீரைக் கீரைத் தட்டு வழியாகத் தரைக்கே கொண்டுவந்துவிட்டார். காருக்கு எண்ணெய் ஊற்றி ஸ்ரீ பெரிகி அருவிக்குப் போகிறவர்களை நினைத்தால் இரக்கம் வருகிறது. எங்களுக்கு விடியற்காலையில் படுக்கையை விட்டு எழுந்ததுமே பாத அபிஷேகம்.

குழாய்க்குப் போர்த்திய பனிப்போர்வையின் தடிப்பால் கீழறைக்குக் குளிர் இறங்குவதில்லை. ஆதலால் பால் கேட்காமலே தயிராகிறது. கம்ப்ரசரார் இராப்பகலாய் இரைகிறார். அந்த ஓயா உழைப்பை மின்கட்டணச் சீட்டு மாதந்தோறும் மெச்சுகிறது.

பொறாமைக்காரர் சிலர் உண்டு. சுவிட்சை அணைத்து, பொருள்களை வெளியேற்றி, கதவைத் திறந்துவைத்துப் பனியைத் தானாக உருகவிடலாமாம். துவாரத்தில் வெதுவெதுப்பான நீர் ஊற்றலாமாம். ரப்பரைச் சோப்புநீரால் துடைக்கலாமாம், தளர்ந்திருந்தால் மாற்றலாமாம். ஒரு பகல் வேலைக்காக ஒரு சாம்ராஜ்யத்தைக் கலைப்பதா!

எங்கள் மாமாவின் பக்தி அப்படிப்பட்டதல்ல. பொறுமையின் துணை நாடாத வீரர் அவர். மீன் வெட்டும் கத்தியால் பனியைக் குத்தியே வழிபடுவார். முந்தைய பெருமானின் மெல்லிய அலுமினியக் குழாயில் அவர் வைத்த ஒரே குத்தில், 'உஸ்' என்ற ஓசையுடன் வாயு பிரிந்து அன்னார் முக்தி அடைந்தார். இப்போதுள்ளவரின் வயிற்றில் ஓடுவது தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் என்கிறார்கள். ஆகவே இம்முறை சோதியில் கலக்கும் பேறும் கிட்டலாம். மாமா நேற்றே கத்தியைத் தீட்டி வைத்துவிட்டார்.