அம்மாவின் போனில் ஒரு மஞ்சள் விமானம்

ஹவுன்ஸ்லோ, லண்டன்.

அன்புள்ள கத்திவாக்கத்துச் சொந்தங்களுக்கு,

உங்கள் தெருப் பிள்ளை எழுதுவது. ‘நான்’, ‘எனக்கு’ என்று எழுதினால் “சீமைக்குப் போனதும் தன்னைப் பத்தியே பேசறான் பாரு” என்று அத்தை சொல்லுவார். அதனால் யாரோ மூன்றாம் மனிதனைப் பற்றி எழுதுவதுபோல ‘அவன்’ என்றே எழுதுகிறான். கத்திவாக்கம் என்று எழுதினாலும் காத்திவாக்கம் என்று எழுதினாலும் தபால் சரியாக வந்து சேரும் ஊர் அது. அந்த ‘அவன்’ யார் என்று கண்டுபிடிப்பதா கஷ்டம்?

பையன் லண்டனில் வேலைவெட்டி இல்லாமல் ஏரோப்ளேனை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று ஊரில் ஒரு பேச்சு அடிபடுவதாகத் தகவல். அதில் பாதி உண்மை. வேலை இருக்கிறது. சனிக்கிழமைகளில் மட்டும் அண்ணாந்து பார்க்கிறான்.

பார்க்கும் இடத்தின் பெயர் மர்ட்டில் அவென்யூ. ஹாட்டன் கிராஸ் ரயில் நிலையத்திலிருந்து பொடிநடையாகப் போய்விடலாம். இருபுறமும் சாதாரணக் குடும்பங்கள் இருக்கும் வீடுகள், தெரு முடியும் இடத்தில் ஒரு புல்வெளி. அந்தப் புல்வெளிக்கு அந்தப் பக்கம் ஹீத்ரோவின் தெற்கு ஓடுதளம். அதில் மேற்குப் பார்த்து இறங்கும் விமானம் ஒவ்வொன்றும் தலைக்கு மேலே சக்கரத்தை நீட்டிக்கொண்டு வரும். டயரில் ஒட்டிய அழுக்குகூடத் தெரியும் என்று அவன் சொல்வது கொஞ்சம் மிகை. ஆனால் குனியத் தோன்றும் என்பது நிஜம்.

2024ஆம் ஆண்டில் மட்டும் இந்த விமான நிலையத்தைக் கடந்து போனவர்கள் ஏறத்தாழ 8 கோடியே 39 லட்சம் பேர். இத்தனை பேருக்கும் இருப்பது இரண்டே ஓடுதளங்கள். மேற்கிலிருந்து காற்றடிக்கும் நாட்களில் ஒன்றில் இறக்குவார்கள், மற்றதில் ஏற்றுவார்கள். மதியம் மூன்று மணி அடித்ததும் இரண்டையும் மாற்றிவிடுவார்கள். சுற்றிக் குடியிருப்பவர்களின் காதுக்கு அரை நாளாவது ஓய்வு வேண்டுமே! நம் தெருவில் தண்ணீர் லாரி வரும் நேரத்தை வைத்துப் பெண்கள் சமையலை முடிப்பதுபோல, இங்கே மூன்று மணியை வைத்து மடக்கு நாற்காலியை விரிப்பதும் சுருட்டுவதும் நடக்கிறது.

நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பென்ஷன்காரர்கள். பைனாகுலர், பிளாஸ்க்கில் டீ, கோடு போட்ட நோட்டு. இவர்களை வெள்ளைக்காரர்களே ‘அனோராக்’ என்று கிண்டல் செய்வார்கள். மழைக்கும் குளிருக்கும் போடும் தொப்பி வைத்த சட்டையின் பெயர் அது. எந்நேரமும் அதைப் போட்டுக்கொண்டு வெட்டவெளியில் நிற்பதால் சட்டையின் பெயரே ஆளுக்கும் ஒட்டிக்கொண்டது. அவனும் ஒன்று வாங்கிவிட்டான். கோட்டும் சூட்டும் போட்ட போட்டோ கேட்ட அம்மாவுக்கு அந்தச் சட்டையில் ஒரு போட்டோ அனுப்பினான். “மீன் மார்க்கெட்ல ஐஸ் உடைக்கிறவன் மாதிரி இருக்கேடா” என்று பதில் வந்தது.

நோட்டில் அவர்கள் எழுதுவது விமானத்தின் பதிவு எண். லாரிக்கு டி.என். இருப்பதுபோல விமானத்துக்கும் நாட்டு எழுத்து உண்டு. பிரிட்டனுக்கு ஜி, சிங்கப்பூருக்கு 9வி, இலங்கைக்கு 4ஆர். நமக்கு வி.டி. வெள்ளைக்காரன் காலத்தில் ஒதுக்கிய எழுத்து, இன்னும் நம் விமானங்களின் முதுகிலிருந்து இறங்கவில்லை. ‘வைஸ்ராய் டெரிட்டரி’ என்று அதற்கு விரிவாக்கம் சொல்பவர்கள் உண்டு. பக்கத்து நாற்காலிக் கிழவர் அந்த விளக்கத்தை அவனிடமே சொல்லி, ஏதோ அவர்தான் வைஸ்ராய் மாதிரி வருத்தம் தெரிவித்துவிட்டு, ஒரு பிஸ்கெட்டும் கொடுத்தார்.

இந்த நாட்டில் இது வெறும் பொழுதுபோக்காக மட்டும் இருந்ததில்லை. இரண்டாம் உலகப் போரில் வருவது நம்மவனா எதிரியா என்று வால் வடிவத்தை வைத்தே சொல்லத் தெரிந்தவர்கள் ஊர்க்காவலர்கள்போல. அவர்களுக்காகவே 1941இல் ‘தி ஏரோபிளேன் ஸ்பாட்டர்’ என்று பத்திரிகை வந்தது. போர் முடிந்தது, பழக்கம் முடியவில்லை.

நாமும் இதில் சளைத்தவர்கள் இல்லை என்று அவன் கிழவரிடம் அடித்துவிட்டு வந்திருக்கிறான். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தைப் பல்லாவரத்தில் பறக்கவிட்டது 1910ஆம் ஆண்டில். ரைட் சகோதரர்கள் பறந்து ஏழு வருஷம்கூட ஆகாத காலம். அதே மதராஸின் வாரிசுகள்தான், 2022 ஜூலையில் ஏர்பஸ்ஸின் பெலூகா, அந்தத் திமிங்கல மூக்கு விமானம், எண்ணெய் போட்டுக்கொள்ள மீனம்பாக்கத்தில் இறங்கியபோது வாய் பிளந்து பார்த்தவர்கள்.

சரி, அண்ணாந்து பார்ப்பது பழைய பழக்கம். இப்போது குனிந்து பார்ப்பதுதான் அதிகம். போனில்.

ஏறக்குறைய ஒவ்வொரு பயணிகள் விமானமும் தான் யார், எங்கே, எவ்வளவு உயரம், என்ன வேகம் என்பதை 1090 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நொடிக்கொரு தரம் கத்திக்கொண்டே போகிறது. மூர் மார்க்கெட் ரயிலில் சுண்டல் விற்பவர் பெட்டிக்குப் பெட்டி கூவிக்கொண்டு போவதுபோல. காது இருக்கிற யாரும் கேட்கலாம். டிவி பார்ப்பதற்காக விற்ற யூ.எஸ்.பி. குச்சி ஒன்று, உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர் ஒன்று, கட்டைவிரல் நீளத்துக்குச் சற்றே கூடுதலான கம்பி ஒன்று. இவ்வளவுதான் அந்தக் காது. 2006இல் சுவீடனில் இரண்டு விமானப் பித்தர்கள் விளையாட்டாகத் தொடங்கியது ‘பிளைட்ரேடார்24’ என்ற நேரலை விமான வரைபடம். 2009இல் ‘யார் வேண்டுமானாலும் கேட்டதை அனுப்பலாம்’ என்று கதவைத் திறந்தார்கள். மறு வருஷமே ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து ஐரோப்பிய வானம் மூடியபோது உலகமே அந்த வரைபடத்தில் வந்து நின்றது. உலகத்து மொட்டை மாடிகளில் நிற்கும் ஆயிரக்கணக்கான கம்பிகள் கேட்டுச் சொல்வதுதான் அதில் ஊரும் மஞ்சள் விமானங்கள். கம்பி எட்டாத நடுக்கடலில் செயற்கைக்கோள் சொன்னால் நீலம்.

எலிசபெத் ராணியின் உடல் 2022 செப்டம்பர் 13 அன்று எடின்பரோவிலிருந்து நார்த்தோல்ட் விமானப்படைத் தளத்துக்கு வந்தது. அந்த விமானத்தை நேரலையில் தொடர்ந்தவர்கள் 47 லட்சத்து 90 ஆயிரம் பேர். முதல் நிமிடத்திலேயே 60 லட்சம் பேர் முண்டியடித்ததில் வரைபடமே தடுமாறிப்போனது. நார்த்தோல்ட் அவன் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம்தான். நேரில் போகாமல் அவனும் போனைத்தான் தேய்த்துக்கொண்டிருந்தான். 2024 ஆகஸ்ட் 5 அன்று ஷேக் ஹசீனா ஏறிய ராணுவ விமானம் டாக்காவிலிருந்து இந்தியாவை நோக்கித் திரும்பியபோதும் அதே கதை. “அந்தம்மா டில்லி பக்கம் வருது” என்று கத்திவாக்கத்திலிருந்து அவனுக்கு வாட்ஸ்அப் வந்துவிட்டது. அனுப்பியவர் அவன் அம்மா.

அம்மா கதைக்கு இப்போதுதான் வருகிறான்.

முதல் தடவை ஊருக்குப் புறப்பட்டபோது, கவலைப்படாமல் இருக்கட்டும் என்று அம்மா போனில் அவனேதான் இந்தச் செயலியை ஏற்றிக் கொடுத்தான். அன்றிலிருந்து கவலை இரட்டிப்பானது. உக்ரைன் மேலே ஏன் ஒரு விமானமும் இல்லை என்றார். 2022 பிப்ரவரி 24 முதல் அந்த வானம் மூடிக்கிடக்கிறது என்று விளக்கினான். “அப்போ நீயும் அந்தப் பக்கம் போவாதே” என்றார், ஏதோ அவன் கையில் ஸ்டியரிங் இருப்பதுபோல. 7700 என்று குறியீடு வந்தால் ஆபத்து என்று எங்கோ படித்துவிட்டார். இப்போது எந்த நாட்டு விமானம் அந்த எண்ணைப் போட்டாலும் கத்திவாக்கத்தில் ஒரு விளக்கு ஏற்றப்படுகிறது.

போன வருஷம் விடியற்காலை மீனம்பாக்கத்தில் இறங்கினான். நேரே வீட்டுக்கு வராமல், பரங்கிமலையில் கூட்டாளி வீட்டில் உட்கார்ந்து அரட்டையடித்து, இட்லியும் சாப்பிட்டுவிட்டு எட்டரை மணிக்கு வந்தான். “பிளேன் லேட்டும்மா” என்றான். அம்மா போனைத் திருப்பிக் காட்டினார். “உன் பிளேன் மூணே முக்காலுக்கே தரை தட்டிடுச்சே. நீ எங்கடா தரை தட்டின?”

கப்பல் மாட்டிக்கொள்வதற்குச் சொல்கிற வார்த்தை அது. கத்திவாக்கம் இருக்கும் எண்ணூர்க் கரையில் ஐம்பது வருஷம் இருந்தவருக்கு ஆகாயமும் கடல்தான். மனிதகுலம் நூறு வருஷமாக நம்பியிருந்த ‘பிளேன் லேட்’ என்ற பொய், இந்தச் செயலியோடு செத்தது.

யோசித்துப் பார்த்தால் இந்தப் பித்து அவனுக்கு லண்டனில் பிடித்ததில்லை. சின்ன வயதில் அவன் அப்பா ஷிப்ட் முடிந்து வந்ததும் அவனைக் கரைக்குக் கூட்டிப்போய், துறைமுகத்துக்கு முறை வராமல் தூரத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை எண்ணச் சொல்வார். புகைபோக்கியின் நிறத்தை வைத்தே எந்தக் கம்பெனி என்பார். விமானத்துக்கு இருப்பதுபோல இப்போது கப்பலுக்கும் கூவும் பெட்டி உண்டு. வெளிநாடு போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு அது கட்டாயம். அந்த வரைபடத்திலும் அவன் எண்ணூரின் காமராஜர் துறைமுகத்தைத்தான் திறந்து வைத்திருப்பான். திரையில் பார்க்க எல்லாம் வெறும் புள்ளி. 2017 ஜனவரி 28 அன்று எண்ணூருக்கு வெளியே அப்படி இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. கரையெல்லாம் கருப்பெண்ணெய். நம் ஆட்கள் வாளியால் அள்ளியதை அவன் இங்கிருந்து பார்த்தான். கப்பல்களின் பெயர் அவனுக்கு மறந்தாலும் அந்த வாளிகள் மறக்கவில்லை.

வேடிக்கை பார்ப்பதில் வில்லங்கமும் உண்டு. 2001 நவம்பரில் கிரீஸின் கலமாட்டா விமானத் தளத்தில் நோட்டும் கையுமாக நின்ற 12 பிரிட்டிஷ்காரர்களையும் 2 டச்சுக்காரர்களையும் உளவாளிகள் என்று பிடித்து உள்ளே தள்ளினார்கள். “பொழுதுபோக்குக்காக நம்பர் எழுதினோம்” என்றால் எந்தப் போலீஸ்காரர் நம்புவார்? தண்டனையே விதித்துவிட்டார்கள். அடுத்த வருஷம் மேல்முறையீட்டில்தான் விடுதலை. 2010இல் டில்லியில், விமான நிலையம் தெரிகிற ஓட்டல் அறை கேட்டு வாங்கி, ரேடியோவும் வைத்திருந்த இரண்டு பிரிட்டிஷ்காரர்கள் மாட்டினார்கள். அபராதம் கட்டி ஊர் திரும்ப ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. விமான நிலையத்தில் படம் எடுக்க நம் நாட்டில் 1937ஆம் வருஷத்து விமான விதிகளிலேயே கட்டுப்பாடு இருக்கிறது. ஆகவே தம்பிகளே, மதிலேறி போட்டோ எடுக்க வேண்டாம். பெலூகா போய்விடும், நீங்கள் இருப்பீர்கள்.

இவ்வளவையும் வாட்ஸ்அப்பில் சொல்லாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று கேட்கலாம். உலகத்தில் அரசு முறையில் முதன்முதலாக விமானத்தில் தபால் போனது நம் நாட்டில்தான். 1911 பிப்ரவரி 18 அன்று அலகாபாத்திலிருந்து நைனிக்கு, யமுனையைத் தாண்டி, சுமார் 6,500 கடிதங்கள். 1932 அக்டோபரில் ஜே.ஆர்.டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு ஓட்டிவந்த தபாலை, அங்கிருந்து மதராஸுக்கு ஓட்டிவந்து சேர்த்தவர் நெவில் வின்சென்ட். விமானத்துக்குக் கடிதம் செய்த உபகாரத்தை நினைத்து இந்த ஒரு கடிதம்.

கடைசியாக, ஒரு சொந்த விஷயம். போன தடவை வந்தபோது அவன் வீட்டு மொட்டை மாடியில் ஒரு கம்பி நட்டுவிட்டு வந்தான். துணி காயும் கொடிக்கும் கருவாடு காயும் பாய்க்கும் நடுவில் நிற்கிறதே, அதுதான். வங்கக் கடல் மேல் முந்நூறு கிலோமீட்டருக்கு மேலே வரும் போர்ட் பிளேர் விமானத்தையும் சிங்கப்பூர் விமானத்தையும் அது கேட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அக்கா, “இன்னாடா இது, காக்காவுக்கு நாற்காலியா?” என்றார். அப்படித்தான் ஆகியிருக்கிறது என்று தெரிகிறது. உப்புக் காற்று ஒரு பக்கம், அனல்மின் நிலையச் சாம்பல் ஒரு பக்கம், காக்கை ஒரு பக்கம். மூன்று நாளாக எண்ணூருக்குக் கிழக்கே ஒரு விமானமும் அவன் திரையில் தெரியவில்லை. அம்மாவுக்கு மூட்டு வலி, ஏணி ஏற முடியாது. மாடிக்குத் துணி எடுக்கப் போகிறவர் யாராக இருந்தாலும் சரி, ஈரத்துணியால் அந்தக் கம்பியை ஒரு தரம் துடைத்துவிடவும்.

இப்படிக்கு,
அவன்.