பெட்டி பிரமாதம், மருமகனே!

பெட்டி பிரமாதம், மருமகனே. வாய் நெறையச் சொல்றேன். வண்டி மேல வச்சு ஊர் சுத்துற வீடாச்சே: உள்ள மெத்தை, கேஸ் அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணித் தொட்டி, கை கழுவ ஒரு கிண்ணம், அந்தக் கிண்ணத்துக்கு மேல மொகம் பாக்க ஒரு கண்ணாடி. கூரையில வெயில் பட்டா கரண்டு குடுக்குற பலகை வேற. உங்கம்மா, என் தங்கச்சி, கல்யாணமாகி வந்தப்ப அவ வீட்டுல இதுல பாதி இல்ல. இவ்வளவையும் பண்ணி முடிச்சு, பொலேரோ பிக்கப்புக்கு மேல தூக்கி வச்சு, படத்த எல்லாருக்கும் அனுப்பிட்டு, கடைசியா எங்கிட்ட வந்து, "மாமா, இத எதுல கட்டுறது?"ன்னு கேட்ட பாரு, அங்கதான் நீ படிச்ச புள்ளைன்னு தெரிஞ்சுச்சு. எங்கள மாதிரி தற்குறியா இருந்தா அத மொதல்ல கேட்டுத் தொலைச்சிருப்போம்.

ராட்செட் பெல்ட் வாங்கிட்டேன்னு காட்டுன. ஆரஞ்சுக் கலரு, ரெண்டு அங்குல அகலம். ரொம்ப நல்ல பெல்ட். அந்தப் பெல்ட்டக் கொண்டுபோய் எங்க மாட்டியிருக்க? வண்டி ஓரத்துல, பக்கப் பலகைக்குக் கீழ வரிசையா வளைச்சு ஒட்டவச்ச கம்பிக் கொக்கி இருக்கே, அதுல. அது எதுக்கு இருக்குன்னு தெரியுமா? படுதாக் கயிறு கட்ட. மழைக்கு மூடுன தார்ப்பாய் காத்துல பறக்காம இருக்க. நம்ம டிரைவருமாருக தண்ணிக் கேன் தொங்கவிடவும் எலுமிச்சம்பழம் மொளகா கோத்துத் தொங்கவிடவும் அதத்தான் வச்சிருக்காய்ங்க. ரெண்டு டன் தாங்குற பெல்ட்ட அந்தக் கம்பியில மாட்டுனா, பெல்ட் அப்படியே புதுசா இருக்கும். கம்பிதான் பெட்டி கூடவே போகும்.

லோடு ஏத்துன எங்களுக்கு ஒரே ஒரு படிப்புத்தான் மருமகனே. கயிறு அந்து லோடு விழுந்தது கம்மி. கயிறு கட்டுன எடம் புடுங்கி விழுந்ததுதான் சாஸ்தி. கடைக்காரன் விக்கிறது கயிறு, பெல்ட்டு, சங்கிலி. அதனால எல்லாரும் அதப் பத்தியே பேசுறாய்ங்க. புடிக்கிற எடத்த எந்தக் கடையிலயும் தொங்கவிட்டு விக்க முடியாது. அத குனிஞ்சுதான் பாக்கணும். உனக்கு ஜீன்ஸ் அழுக்காகுமே.

சரி, குனியாமலே சொல்றேன், கேட்டுக்க. பிக்கப்புல மூணு எடம் இருக்கு. ஒன்னு, நீ மாட்டுன கம்பி. அத விட்டுரு. ரெண்டாவது, வண்டியோட லோடு தொட்டித் தகரத்துல துளை போட்டு வளையம் மாட்டுறது. உன் பட்டறைக்காரர் இதத்தான் சொல்லுவார், அவருக்கு அரை மணி நேர வேலை. தகரத்துக்கு அடியில ஒரு வாஷரு, ஒரு நட்டு, முடிஞ்சுச்சு. அந்த வளையம் ஒவ்வொரு குழியிலயும் தகரத்த மேல இழுத்து இழுத்து, துளைய ஓவலாக்கி, ஒருநாள் பூப்போல வெளிய வந்துரும். அப்படியே அங்கதான் மாட்டணும்னா, அடியில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கனமான பட்டை குடுத்து, அத குறுக்குச் சட்டத்தோட சேத்துப் புடிக்கணும். மூணாவது, சேஸ். வண்டியோட முதுகெலும்பு அதுதான். தொட்டியே அதுமேல போல்ட்டுப் போட்டு உக்கார வச்சதுதானே? உக்காந்திருக்கிறவன் மடியில எதுக்கு உன் பாரத்தக் கட்டுற? கீழ இருக்கிறவன்கிட்டயே கட்டு.

அமெரிக்காவுல இது மாதிரிப் பெட்டிய வண்டி மேல வச்சுக்கிட்டு ஊர் சுத்துறவுக நெறையப் பேரு. அங்க டார்க்லிஃப்ட்னு ஒரு கம்பெனி, வாசிங்டன் மாநிலத்துல, சேஸ்ல இருந்து வெளிய கை நீட்டுற மாதிரி இரும்பு செஞ்சு விக்கிறாய்ங்களாம். பேத்தி போன்ல காட்டுனா. வண்டிக்கு அடியில இருந்து நாலு மூலையிலயும் முட்டி மொழங்கையா வெளிய வந்து நிக்குது. பாக்க லட்சணமா இருக்காதுதான். படத்துல நல்லா வராது. அதனால உனக்குப் புடிக்காது.

நம்ம ஊருலயும் செய்யலாம். லாரி பாடி கட்டுறதுக்கு நாமக்கல்லு இருக்கு, கரூரு இருக்கு. மதுரையிலயும் நல்ல கையிருக்குற பட்டறை உண்டு. ஆனா ஒரு சொல்லு சொல்லிட்டு வேலைய ஆரம்பிக்கச் சொல்லு: சேஸ் சட்டத்தோட மேல் விளிம்புலயும் கீழ் விளிம்புலயும் துளை போடக்கூடாது, வெல்டிங்கும் வைக்கக்கூடாது. வண்டி வளையுறப்ப பாரம் பூரா அந்த விளிம்புலதான் ஓடும். அங்க பொத்தல் போட்டா விரிசல் அங்கதான் ஆரம்பிக்கும். பக்கவாட்டு முகத்துல கம்பெனிக்காரனே போட்டுவிட்ட துளை இருந்தா அதுல பட்டையப் பொருத்து. இல்லாட்டி சட்டத்த ரெண்டு பக்கமும் கவ்வுற மாதிரி பூட்டு செய்யச் சொல்லு. போல்ட்டு வாங்குறப்ப அதோட தலையப் பாரு. 8.8ன்னு பொறிச்சிருக்கணும். மொட்டைத் தலையா இருந்தா அது கதவுக்கு, சன்னலுக்கு.

இப்ப கணக்கு. கணக்குல நீ புலி. பெட்டி 600 கிலோன்னு வச்சுக்க. 100 லிட்டர் தண்ணி ரொப்புனா 700. அதத் தொட்டியில கெடக்குற தண்ணின்னு நெனைக்காத, அது பிரேக்கு போடுறப்ப முன்னாடி ஓடி வந்து முட்டுற தண்ணி. அமெரிக்கச் சட்டத்துல சரக்கு வண்டிக்கு ஒரு கணக்கு எழுதி வச்சிருக்காய்ங்க: பிரேக்கு போட்டா பாரம் தன் எடையில 10க்கு 8 பங்கு பலத்தோட முன்னாடி பாயும், அதத் தாங்கணும், பக்கத்துக்கும் பின்னாடிக்கும் பாதி எடை. உன் பெட்டிக்கு முன்னாடி 560 கிலோ, பக்கத்துக்கு 350. அந்தக் கம்பிக் கொக்கிய இப்ப ஒருதரம் நெனச்சுப் பாத்துக்க.

"அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குக் காளைய இதே வண்டியிலதானே மாமா ஏத்திட்டுப் போறாய்ங்க, மூக்கணாங்கயித்த முன் கம்பியில கட்டி"ன்னு கேட்ட. நல்ல கேள்வி. நானே எதிர்பாக்கல. தை மொத நாளு அவனியாபுரம், ரெண்டாம் நாளு பாலமேடு, மூணாம் நாளு அலங்காநல்லூரு. மூணு நாளும் ரோட்டுல குட்டியானையும் பிக்கப்பும்தான். உள்ள நிக்கிற காளை உன் பெட்டிய விட எடை கம்மிதான். கட்டியிருக்கிறது ரெண்டு கயிறு. ஆனா காளைக்கு நாலு கால் இருக்கு மாப்ள. டிரைவரு பிரேக்குல கால் வைக்கிறதுக்கு முன்னாடி அது குளம்ப ஊனிக்கிடும். வளைவுல வண்டி சாஞ்சா அது எதிர்ப்பக்கம் சாயும். கயிறு அதப் புடிச்சு வைக்கல, இப்படித்தான் நிக்கணும்னு சொல்லி மட்டும் வைக்குது. உன் பெட்டிக்குச் சொன்னா வெளங்குமா?

அந்தக் காளை கிட்ட இருந்து ஒன்னு எடுத்துக்க. 1978ல வந்த கால்நடைப் போக்குவரத்து விதியில, வண்டித் தரையில வழுக்காம இருக்கத் தென்னநார்ப் பாய் போடு, இல்ல பலகை போடுன்னு எழுதியிருக்கு; மாடு முடிஞ்ச மட்டும் எஞ்சினப் பாத்து நிக்கட்டும்னும் இருக்கு. உன் பெட்டி எந்தப் பக்கம் பாத்தாலும் எனக்குக் கவலையில்ல, அடியில பாய் போட்டியா? பெயிண்ட் அடிச்ச வழுவழுத் தகரத்துமேல வழுவழுன்னு பெட்டிய வச்சுட்டு, சறுக்காமப் பாத்துக்கடான்னு நாலு பெல்ட்டுக்கு உத்தரவு போட்டிருக்க. கனமான ரப்பர் பாய் ஒன்னு விரி. கட்டுற பாட்டுல பாதிய அது சத்தமில்லாமச் செஞ்சுரும். கூலியும் கேக்காது.

அப்புறம் முட்டு. சித்திரைத் திருவிழாவுல மதுரை மாசி வீதியில தேரு வர்றப்ப நீ வடத்தத்தான் பாத்திருப்ப, எல்லாரும் அதத்தான் பாப்பாக. ஆயிரம் பேரு இழுத்தாலும் அந்த வடத்தால தேர நிப்பாட்ட முடியாது. சக்கரத்துக்குக் கட்டை போடுறவுக போட்டாத்தான் நிக்கும். உன் பெட்டிக்கும் முன் தடுப்புக்கும் நடுவுல ஒரு சாண் எடைவெளி விட்டு வச்சிருக்கியே, எதுக்கு, காத்து வரவா? அதுல கட்டையக் குடுத்து இறுக்கு. ஓடி வர எடமில்லாட்டி பெட்டிக்கு வேகம் ஏது? பக்கத்துக்கும் அதே. பிறகு பெல்ட்டுக்கு வேலை கொஞ்சம்தான்.

பெல்ட்ட எப்படி இழுக்கிறதுன்னு கேளு. கேக்க மாட்ட, சொல்றேன். நேரா கீழ இழுத்தா 100 கிலோ இழுவை 100 கிலோவா அமுக்கும். தரையோட 30 டிகிரி மட்டும் இருக்க மாதிரி சாய்ச்சு இழுத்தா அதே இழுவை 50 கிலோதான் அமுக்கும். அதுக்காகச் செங்குத்தாவே கட்டுனா முன்ன பின்ன ஓடுறத யாரு புடிப்பா? அதனால முன் கட்டு ரெண்டும் கீழ போகப் போக முன்னாடி சாயணும், பின் கட்டு ரெண்டும் பின்னாடி சாயணும். பிரேக்கு போட்டா பின்னாடி ரெண்டும் புடிக்கும். மேடு ஏறுறப்ப முன்னாடி ரெண்டும் புடிக்கும். அண்ணன் தம்பி ரெண்டு பேரு எதிரெதிரா நின்னாத்தான் சொத்து எடத்துல இருக்கும், நம்ம குடும்பத்துலயே பாத்திருக்க.

வீட்டுல நைலான் பெல்ட்டு கெடக்குன்னு சொன்ன. அத வண்டி இழுக்க வச்சுக்க. நைலான் பாரத்துல நீளும், ஈரத்துல இன்னும் நீளும். கட்டுறதுக்குப் பாலியஸ்டர். எதுவானாலும் நம்ம சித்திரை வெயில் அத உரிச்சிரும், கலரு வெளுத்தா ஆயுசு போச்சுன்னு அர்த்தம். பெட்டியோட அலுமினிய முனையில பெல்ட்டு படுற எடத்துல பழைய டியூப் துண்டாவது மடிச்சு வை. வருசக்கணக்குல அங்கயே பெட்டி இருக்கப்போகுதுன்னா பெல்ட்டே வேணாம், ஸ்பிரிங் வச்ச டர்ன்பக்கிள் போடு. வண்டி குழியில எறங்குனா சேஸ் முறுக்கிக்கிடும், உன் பெட்டி முறுக்கிக்கிடாது. நடுவுல கொஞ்சம் விட்டுக்குடுக்க ஒரு ஸ்பிரிங் இல்லாட்டி பெட்டியோட கட்டைதான் பிளக்கும். நீ அத இன்னும் இறுக்கினா சீக்கிரமாப் பிளக்கும். திருகுறதுல லாக் நட்டு போட மறக்காத, அதிர்வுல தானா கழலும். கொக்கியோட வாயில நாக்கு இருக்கணும். நாக்கு இல்லாத கொக்கி, கட்டு ஒருநொடி தளந்தா நன்றி சொல்லிட்டு எறங்கிரும்.

சட்டம் பத்தி நீ கவலைப்படல, சந்தோசம். பெட்டிய வண்டியோட வெல்டு வச்சு ஒட்டிட்டா அது வண்டியவே மாத்துனதாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கேள்வி கேக்கும், 2019ல உச்ச நீதிமன்றமும் கம்பெனி குடுத்த விவரத்துல இருந்து மாத்தக்கூடாதுன்னு சொல்லியிருக்கு. கழட்டி வைக்கிற மாதிரி இருந்தா லோடுன்னு சொல்லிக்கலாம். லோடுன்னாலும் பக்கத்துலயோ பின்னாடியோ உயரத்துலயோ அளவுக்கு மேல நீட்டுனா 20,000 ரூவா அபராதம். வண்டி ஓடுறப்ப உள்ள யாரும் இருக்கக்கூடாது. அத்தை படுத்துக்கிட்டே வரலாம்னு நீ அவகிட்டச் சொல்லி வச்சிருக்கியாமே. சரக்கு வண்டித் தொட்டியில ஆள் ஏத்துனா போலீசு விடாது. அவுக விட்டாலும் இன்சூரன்சுக்காரன் விடமாட்டான். அத்தைய நான் சமாளிச்சுக்கிறேன், நீ முன் சீட்டுல எடம் விடு.

கொடைக்கானலுக்குத்தான் மொத சவாரின்னு முடிவு பண்ணிட்ட. நல்லது. இ-பாஸ் வாங்கிரு, 2024 மே மாசத்துல இருந்து கேக்குறாய்ங்க. ஆடியில மட்டும் ஆண்டிபட்டிக் கணவாய் பக்கம் போகாத. அந்தக் காத்துக்கு உன் பெட்டி ஒரு பாய்மரம்.

புதுசா கட்டுன கட்டு மொதல்ல கொஞ்சம் தளரும். பாயி அமுங்கும், முடிச்சு உக்காரும், போல்ட்டு எடம் பாத்துக்கிடும். வைக்கோல் லோடு ஏத்துனவன் யாரும் இதப் படிச்சுத் தெரிஞ்சுக்கல. அமெரிக்காக்காரன் 80 கிலோமீட்டருக்குள்ள ஒருதரம் நிறுத்திக் கட்டப் பாருன்னு சட்டமாவே போட்டிருக்கான். நீ 80 வரைக்கும் காத்திருந்தா மலை மேல வளைவுல நிப்ப. மலை ஏறுறதுக்கு முன்னாடி, வத்தலக்குண்டுலயே நிறுத்து. டீ சொல்லிட்டு, அது வர்றதுக்குள்ள குனிஞ்சு நாலு மூலையையும் கையால அமுக்கிப் பாரு. பேன்ட்டு அழுக்கானா ஆகட்டும்.

அங்கிருந்து கெளம்புன பிறகு பின்னாடி வர்ற வண்டிக்காரன் ஹாரன் அடிச்சு, வெளக்கு போட்டு, கையக் காட்டுனா, உன் பெட்டியப் பாத்து ஆசைப்படுறான்னு நெனச்சு நீயும் சிரிச்சுக் கையக் காட்டிட்டுப் போகாத. ஓரமா நிறுத்து.