பேராண்டிக்கு நாளைக்கு வைவா

ஏலே, இங்க வா. நாளைக்கு வைவாவாமே? குடுத்த அசைன்மென்ட்ட நீதான் எழுதுனியான்னு வாத்தியாரு ஒவ்வொருத்தனா கூப்பிட்டு உக்கார வச்சுக் கேக்கப் போறாராம். பாவம், அவருக்கு வேற சோலி இல்ல.

தாத்தனுக்கு ஜாவாவும் தெரியாது, ஒன்னும் தெரியாது. ஆனா காலேஜ் லேபுல அட்டெண்டரா யுபிஎஸ் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்தவன். எக்ஸ்டர்னல் கண்ணாடியக் கழத்தும்போதே அடுத்த கேள்வி என்னன்னு சொல்லிருவேன். அந்த அனுபவத்துல ரெண்டு புத்தி சொல்லுதேன்.

நீ கெட்டிக்காரன்தாம்லே. கூட்டாளி கோடை வாங்கி, உள்ள இருந்த பேரையெல்லாம் மாத்தி, நடுவுல ரெண்டு வெத்து வரியும் விட்டிருக்க. தத்தெடுத்த பிள்ளைக்குப் பேரு வச்சாச்சு! ஆனா அமெரிக்காவுல அலெக்ஸ் ஐக்கன்னு ஒரு வாத்தியாரு, நீ பொறக்கதுக்கு முன்னாலயே, 1994-ல மாஸ்னு ஒரு புரோகிராம் செஞ்சு வச்சுட்டாரு. அது பேரையும் பாக்காது, இடைவெளியையும் பாக்காது. கோடு எந்த வரிசையில அமைஞ்சிருக்குன்னு மட்டும் பாத்து, ஒன்னுபோல இருக்கதப் புடிச்சிரும். சரி, 2022 கடைசியில சாட்ஜிபிடி வந்துச்சு, கூட்டாளியும் தேவையில்லாமப் போச்சு. அது எழுதிக் குடுக்கது பக்கத்து பெஞ்சுக்காரன் கோடோட ஒத்துப்போகணும்னு இல்ல. அதான் இப்ப வாத்தியாரு, மெஷினை நம்பி என்ன புண்ணியம், பய மூஞ்சியவே பாத்துருவோம்னு கெளம்பிட்டாரு.

அதனால மொத வேலையா கோடுக்குள்ள இருக்க கமெண்ட்ட கவனி. வரிக்கு வரி துரைமாரு இங்கிலீசு! லீவு லெட்டருல மூணு தப்பு விடுத பயலுக்கு இது எப்படிலே வந்துச்சு? அங்கங்க ரெண்டு ஸ்பெல்லிங்க கெடுத்து வையி. நீ எழுதுனதுக்கு ஒரு அடையாளம் வேண்டாமா?

ஒனக்கு வந்தது பைனரி சர்ச்சுதான? ஆயிரம் நம்பரு இருந்தாலும் பத்து தடவ பாத்தாப் போதும்னு ஒப்பிப்ப. அவரும் தலையாட்டுவாரு. ஒடனே பல்லக் காட்டிராத. "வரிசைப்படுத்தாத நம்பருகளக் குடுத்தா?"ம்பாரு. நீ, "அதையும் தேடிரும் சார்"ம்ப. அங்கயே பாதி மார்க்கு போச்சு. அடுத்து, "லோவையும் ஹையையும் கூட்டி ரெண்டால வகுத்து மிட்டு எடுக்கியே, ரெண்டும் ரொம்பப் பெருசா இருந்தா?"ம்பாரு. ஜாவாவுல இன்ட்டு 214 கோடிச் சொச்சந்தான் தாங்கும். அதுக்கு மேல போனா மைனஸ்ல போய் நிக்கும். ஹையில லோவக் கழிச்சு, அதுல பாதிய லோவோட கூட்டுனா வம்பில்ல.

இதுல வெக்கப்பட ஒன்னுமில்ல. ஜாவாவோட சொந்த லைப்ரரியிலயே இந்தத் தப்பு ஒம்போது வருசம் போல கெடந்துச்சு. அத எழுதுன ஜோஷுவா பிளாக்கே 2006-ல, நான் எழுதுனதுதாம்பா தப்புன்னு ஊரறியச் சொன்னாரு. அவரு எழுதுனவரு, எந்த வரின்னு காட்டுனாரு. ஒனக்கு எந்த வரி எங்க இருக்குன்னாவது தெரியுமா?

"என் சிஸ்டத்துல ஓடுச்சு சார்"னு மட்டும் சொல்லிராத. அதக் கேட்டுக் கேட்டு என் காது தேஞ்சு போச்சு. ஒரு தடவ ஒரு பிள்ளைக்கு அவுட்புட்டே வரல. "சார், இந்த லூப்பு ஒரு சுத்து கூடச் சுத்துது, ஏன்னு இன்னும் புடிபடல"ன்னு வெரல வச்சுக் காட்டுச்சு. அவுட்புட்ட முன்னால வச்சுக்கிட்டு முழிச்ச பயலுவள விட அதுக்குத்தான் அன்னைக்கு மார்க்கு கூட.

சரி, எந்திரி. அந்த மிட்டு கணக்குப் போடுத வரிய அழிச்சுட்டு, எதையும் பாக்காம நீயே எழுதி ஓட்டிப் பாரு. ஓடலைன்னா எங்க ஓடலைன்னு ஒரு பேப்பர்ல எழுதி எடுத்துட்டு வா. அந்தப் போன மட்டும் தாத்தங்கிட்ட குடுத்துட்டுப் போ.