பேஸ் மாமா

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதி, உத்தர வீதிப் பக்கம் முற்றம் வைத்த பழைய வீட்டை இடித்து அடுக்ககம் எழுப்பிய இடமாகப் பார்த்து ஒரு பேஸ் மாமா குடியிருப்பார். பெல்லிலோ வங்கியிலோ ஓய்வு பெற்றவர். வெளிநாடு போய்விட்ட பிள்ளையின் பத்துக்குப் பன்னிரண்டு அறைதான் இப்போது அவருடைய சபா. சாதாரண மனிதர்கள் பாட்டுக் கேட்கிறார்கள்; மாமா ஸ்பீக்கர் பாக்ஸைக் கேட்கிறார். ‘தளபதி’ படப் பாட்டைப் போட்டால் பல்லவிக்குள் நிறுத்தி, “கீழ்ப்பக்கம் ஒண்ணுமே இல்லை, கவனிச்சேளா?” என்பார். சிங்காரத்தோப்பில் வாங்கியது போதாமல் சென்னை ரிச்சி தெருவரை போய் வருவார். ஆம்ப் மாறும், சப்வூஃபர் மாறும், கட்டைவிரல் தடிமனில் ஒயர் வரும். குறை மட்டும் அப்படியே இருக்கும். அவர் இதுவரை மாற்றாத சாமான் ஒன்றே ஒன்று, உட்காரும் நாற்காலி. வழக்கில் முதல் குற்றவாளி அறை, கூட்டாளி அந்த நாற்காலி, பாக்ஸ் பெரும்பாலும் நிரபராதி என்பது என் கட்சி.

சாட்சி கணக்கில் இருக்கிறது. நம்மூர் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, தன்னைத் தானே ஊதிப் பெரிதாக்கிக்கொள்ளும் அதிர்வு ஒன்று ஒவ்வொரு அறைக்கும் உண்டு. பன்னிரண்டடி நீளத்துக்கு அது சுமார் 48 ஹெர்ட்ஸ், பத்தடி அகலத்துக்கு 57. கூரையும் பத்தடி உயரம் என்றால் அதே 57 இன்னொரு முறை சேர்ந்துகொள்ளும். பேஸ் கிட்டாரின் ‘ஏ’ தந்தி 55 ஹெர்ட்ஸ் என்பதால், அந்தச் சுரம் வரும்போதெல்லாம் பீரோ கதவு கூடவே பாடும்; அடுத்த சுரம் வந்த சுவடு தெரியாது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த அதிர்வுகளின் அழுத்தம் சுவரோரம் உச்சத்திலும் அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய பூஜ்யத்திலும் இருக்கும். மாமாவோ இன்ஜினியர் மாதிரி டேப் பிடித்து அளந்து, எதிரெதிர்ச் சுவர்களுக்குச் சரிபாதி தூரத்தில் நாற்காலியைப் போட்டிருக்கிறார். பேஸ் வரவில்லை என்று அவர் சொல்வதும், தாங்க முடியவில்லை என்று பக்கத்து ஃபிளாட்காரர் சொல்வதும் இரண்டுமே நிஜம்.

‘புது பாக்ஸ் வந்த அன்று பிரமாதமாக இருந்ததே?’ என்பார். இருக்கும். பழையது பெரிய அட்டைப்பெட்டி மாதிரி மூலையை அடைத்துக்கொண்டிருந்தது. புதியதை ஒன்றரை அடி தள்ளி வைத்தார். மாறியது இடம், பெயர் வாங்கியது பிராண்ட். ‘ஈக்வலைசரில் ஏற்றிவிட்டால்?’ பத்து டெசிபல் ஏற்ற ஆம்ப் பத்து மடங்கு சக்தி கொடுக்க வேண்டும். நேரே வரும் அலையைச் சுவரில் பட்டு வரும் அலை அடித்துப் போடுகிற இடத்தில், முன்னதை ஏற்றினால் பின்னதும் சேர்ந்தே ஏறும். ‘சுவரில் முட்டை அட்டை ஒட்டினால்?’ ஆசார வீட்டுக்குள் நாமக்கல் முட்டை அட்டை நுழைந்த கதையை மாமியிடம்தான் கேட்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏழு மீட்டர். இரண்டு அங்குல அட்டையை அது சட்டைகூடச் செய்யாது. அமெரிக்கப் பத்திரிகை யோசனைகளும் முழுதாக உதவுவதில்லை. அங்கே பல வீடுகளில் சுவர் என்பது ஜிப்சம் பலகை, அது கொஞ்சம் பேஸை வெளியே விட்டுவிடும். நம் செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் வாங்கியதை அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

அவருடைய வலுவான வாதம் வேறு: ‘எங்கப்பா காலத்து வால்வு ரேடியோவிலே இந்தத் தொந்தரவே கிடையாதே!’ பாதி சரி. அந்த ரேடியோவில் அடி ஸ்தாயி அவ்வளவாக வந்ததே இல்லை, இல்லாததைப் பற்றிப் புகாரும் இல்லை. ஆனால் அந்த ரேடியோ இருந்த பழைய வீட்டில், வானம் பார்த்த முற்றத்துக்குள் போன ஓசை திரும்பி வராது என்பது உண்மை. 1890-களில் ஹார்வர்டில் மெத்தைகளை அடுக்கிச் சோதனை செய்த வாலஸ் சபைன், ஒலி உறிஞ்சுவதை அளக்கத் திறந்த ஜன்னலையே அளவுகோலாக வைத்தார். அந்த முற்றத்தை இடிக்கக் கையெழுத்துப் போட்டவர் மாமா. ‘சி.வி. ராமன் நம்ம திருவானைக்காவலில் பிறந்தவர்’ என்று மார்தட்டவும் தவறமாட்டார். அந்த ராமன் 1920-லேயே மிருதங்கத்தைப் பற்றி எழுதினார்: வலந்தலையின் நடுவில் அப்பிய கரணைதான் தோலின் அதிர்வுகளை இசைவான வரிசைக்குக் கொண்டுவருகிறது. எதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் நாதம் இருக்கிறது. கரணை கடையில் விலைக்கு வரும் சாமானாக இருந்தால் மாமா அதிலும் தங்க முலாம் பூசியதைக் கேட்டிருப்பார்.

வைத்தியம் ஒன்றும் பெரிதில்லை. சப்வூஃபரை நாற்காலியில் ஏற்றி வைத்துப் பாட்டை ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துபோய் எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே அதை இறக்கிவிட வேண்டியது. ஒலி போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றே என்பதால் இது பலிக்கும். வேஷ்டியை மடித்துக் கட்டி அறுபத்தைந்து வயதில் தவழ்வதற்குத்தான் மனம் வராது. பரணில் கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலைக்கு இரண்டாக நிறுத்தினால், கனத்துக்கேற்ப எதிரொலி கொஞ்சமாவது அடங்கும். நாற்பதாயிரம் ரூபாய் ஒயர் செய்யாததை மெத்தை செய்யும் என்று ஒப்புக்கொள்ள ரோஷம் குறுக்கே நிற்கும். கடைசியில் நாற்காலி. நடுவிலிருந்து ஒன்றரை அடி நகர்த்தி, பின்சுவரிலிருந்து நாலரை அடியில் போட்டாலே பாதி வியாதி தீரும். ஆனால் அந்த நாலரை அடி, சமையலறையிலிருந்து பெருமாள் அலமாரிக்குப் போகிற வழி. மாமி ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியாயிற்று: “ஏன்னா, உங்க பேஸுக்காக நான் பால்கனி வழியா சுத்திண்டு போய்த் தளிகை காமிக்கணுமா?”