டோர்ச் அண்ணன்

மாங்கேணியில் வாகனம் ஒன்று மக்கர் பண்ணினால் முதலில் வந்து சேர்பவர் மெக்கானிக் பாஸ் அல்ல, டோர்ச் அண்ணன். வாழைச்சேனையிலிருந்து வாகரைக்குப் போகும் ஏ15 வீதியில் எங்கே பொனட் திறந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஸ்பனரைத் தொடமாட்டார். சாரத்தை மடித்துக் கட்டி டோர்ச்சை எடுத்தாரென்றால் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

ஊர் ஓட்டோவும் லாண்ட்மாஸ்டரும் அவருக்குச் சில்லறை. திருகோணமலைக்குப் போகிற பழைய எம்.ஜி. மிட்ஜெட் ஒன்று இங்கே படுத்தால்தான் திருவிழா. 1961 முதல் 1979 வரை இங்கிலாந்தில் செய்த குட்டி ஸ்போர்ட்ஸ் கார். பார்த்தவுடனே, "மொரிஸ் மைனருக்குத் தம்பி" என்று உறவு சொல்லிவிடுவார். இரண்டிலும் பெரும்பாலானவற்றுக்கு ஏ சீரீஸ் எஞ்சின்தான் என்பதால் மறுத்துப் பேசவும் வழியில்லை.

புரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் யூனிவர்சல் ஜொயின்ட் கடகடக்கிறது. டிஃபரன்ஷியல் பக்கத்து நாலு போல்ட்டையும் கழற்ற வேண்டும். காருக்கும் மண்ணுக்கும் நடுவே பாஸ் மல்லாந்து கிடக்கிறார். போல்ட்டெல்லாம் துரு. தலை அரை அங்குலம், அதாவது 12.7 மில்லிமீற்றர். 12ஆம் நம்பர் ஸ்பனர் ஏறாது. 13 ஆடும், அழுத்தினால் தலையை மழுக்கிவிடும்.

"அண்ணன், லைட்டை இஞ்சால பிடிங்க."

"ஓம் மனே."

அந்த நேரம் பார்த்து வேலியோரத்தில் ஒருவர், "என்ன பிழையாம்?" என்பார். டோர்ச்சும் பதில் சொல்ல அங்கே திரும்பிவிடும். அண்ணனின் வெளிச்சம் எப்போதும் அவருடைய வாய் போகிற பக்கம்தான் போகும்.

இருட்டிலேயே பாஸ் காரியத்தைப் பார்ப்பார். ஃபிளாஞ்ச் இரண்டிலும் சேர்த்து ஓர் அடையாளக் கோடு. மற்றச் சில்லுகளுக்குக் கல் வைத்து, பின்சில்லொன்றை ஜாக்கில் தூக்குவார். ஹேண்ட் பிரேக்கை விட்டு, கியரை நியூட்ரலில் போட்டுச் சில்லைச் சுற்றினால் ஷாஃப்ட்டும் சுற்றும்; மேலே ஒளிந்திருந்த போல்ட் கைக்கு வரும். பிறகு கியரில் போட்டு ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ஷாஃப்ட் அசையாது. எண்ணெய் ஊறியதும், அரை அங்குல ரிங் ஸ்பனரால் ஓர் இழுவை. டக்!

"நான் அப்பவே சொன்னேன்தானே!" என்பார் அண்ணன். என்ன சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை. கழன்ற போல்ட்டைக் கேட்டு வாங்கி, அதன்மீது மட்டும் வெளிச்சத்தைச் சரியாக அடித்து, "நல்ல இரும்பு" என்று சான்றிதழ் கொடுப்பார். பிறகு பிளேன்ரீ குடிக்கப் புறப்படுவார்.

பழைய கார் வைத்திருப்பவர் மாற்று ஜொயின்ட் இல்லாமல் ஊர் தாண்டமாட்டார். அது ஏறியதும், அடையாளக் கோட்டை நேராக்கி ஷாஃப்ட்டைப் பொருத்திக்கொண்டு பாஸ் கையை நீட்டுவார். தட்டில் மூன்று போல்ட். நாலாவது போல்ட் தேத்தண்ணிக் கடையில், அண்ணனின் சட்டைப்பைக்குள் இருந்தபடி, அண்ணன் தன்னைக் கழற்றிய கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும்.