மாமனார் வங்கியும் மானியக் கடனும்

கேள்வி: கிராமத்தில் மரச்செக்கு எண்ணெய் ஆலை தொடங்க ஆசை. மாமனாரைத் தவிர வேறு யார் பணம் தருவார்கள்? (வாசகி, திண்டிவனம்)

பதில்: மாமனாரிடம் வட்டி குறைவு, வசனம் அதிகம். அவரை அடுத்த சுற்றுக்கு வைத்துக்கொள்ளலாம்!

முதலில் போகவேண்டிய இடம் மாவட்டத் தொழில் மையம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் புதிய உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் ரூபாய் வரையிலான திட்டமதிப்பு ஏற்கப்படுகிறது. கிராமப்புறப் பெண்ணுக்கு மானியம் 35 சதவீதம். கைக்காசு 5 சதவீதம் போதும். 10 லட்சத்தில் செக்கு போட்டால் சொந்தப் பணம் 50,000, மானியம் மூன்றரை லட்சம்.

உடனே நகைக்கடைப் பக்கம் திரும்ப வேண்டாம். மானியம் கைக்கு வராது. வங்கியில் வைப்புத்தொகையாக 3 ஆண்டு உட்கார்ந்திருக்கும். செக்கு ஒழுங்காகச் சுற்றினால்தான் அது கடனில் கழியும். அரசுக்கும் மாமனார் புத்தி உண்டு.

முத்ரா கடனும் இருக்கிறது. பிணை கேட்கமாட்டார்கள், மானியமும் தரமாட்டார்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை: மானியத் திட்டம் புதிய தொழிலுக்கு மட்டும்தான். ஆகவே ஆர்வக்கோளாறில் செக்கை முதலில் ஓடவிட்டுவிட்டு, அப்புறம் விண்ணப்பத்தோடு போய் நிற்காதீர்கள்.